கடை வாசலிலேயே விலை கேட்போம்

(தோட்டக் கிளையின் மாதர் அணி மாதாந்தக் கூட்டத்தில், தோட்டப் பாடசாலை ஆசிரியையும் சங்க அமைப்பாளருமான தோழியர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வரமுடியாதவர்களின் வேண்டுகோளுக்கிணங்க இங்கே தரப்படுகிறது.)



டவுனுக்குப் போனால் கடையில் சாப்பிடுவதில் எப்படிக் காசு மிச்சம் பிடிப்பது என்பதுதான் இன்றைய பேச்சு. அறிவிப்புப் பலகையில் இதைப் பார்த்துவிட்டு ஒரு அண்ணன் கேட்டார்: "சங்கம்னா சம்பளத்தப் பத்திப் பேசணும். ரோல்ஸ் தின்னுறதப் பத்திப் பேசுறதுக்கு எதுக்குக் கூட்டம்?"

நியாயமான கேள்வி. ஆகவே முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். நம் வீட்டில் காசு நிற்காததற்குக் காரணம் நாம் ரோல்ஸ் சாப்பிடுவது அல்ல. சம்பளம் போதாது, அதுதான் காரணம். சம்பளம் கேட்கும்போதெல்லாம், "இவங்களுக்கு எவ்வளவு குடுத்தாலும் டவுன்ல போய்க் கரைச்சிடுவாங்க" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பேச்சுக்கு ஒத்து ஊதுவதற்காக நாம் இங்கே கூடவில்லை. சம்பளக் கோரிக்கை ஒரு பக்கம் நடக்கும். வாங்கிய சம்பளத்தைப் பிறர் கையில் ஏமாந்து கொடுக்காமல் இருப்பது இன்னொரு பக்கம். இரண்டுமே சங்க வேலைதான்.

இந்தப் பேச்சு எதனால் வந்தது என்று சொல்கிறோம். போன மாதம் நடந்த இரண்டு சம்பவங்கள். இரண்டு வீட்டாரிடமும் அனுமதி கேட்டுத்தான் சொல்கிறோம், பெயர் சொல்லப் போவதில்லை.

முதலாவது, கிளினிக் நாளில் நடந்தது. மேல் லயத்து அக்கா ஒருவர், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விடிய முன்னமே முதல் பஸ்ஸில் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனார். நம்பர் எடுத்து, வரிசையில் இருந்து, மருந்து வாங்கி முடியப் பின்னேரம் மூன்று மணி. பிள்ளைக்கு ஒரு பிஸ்கட் பக்கெட் வாங்கிக் கொடுத்தார். தான் ஒரு வாய் தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். நம் தோட்டத்துப் பொடியன் ஒருவன் பார்த்துத்தான் கூட்டிவந்தான். பிறகு நாங்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம். கையில் காசு இல்லையா என்று கேட்டோம். "இருந்துச்சு டீச்சர், மூவாயிரம் வச்சிருந்தேன். கடைக்குள்ள போனா எவ்வளவு கேப்பாங்களோன்னு பயமா இருந்துச்சு. வெளிய வெலயும் போடல. கேக்கவும் வெக்கமா இருந்துச்சு" என்றார்.

இரண்டாவது, சம்பள நாளில் நடந்தது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். மாதம் முழுக்க உழைத்தோமே, பிள்ளைகளுக்கு ஒரு நாளாவது நல்ல சாப்பாடு வாங்கிக் கொடுப்போம் என்று கண்ணாடிக் கதவு போட்ட ஒரு கடைக்குள் போயிருக்கிறார்கள். போனது தப்பே இல்லை. உட்கார்ந்ததும் ஒரு தட்டு நிறைய ரோல்ஸ், பெற்றிஸ், கட்லட் கொண்டுவந்து நடு மேசையில் வைத்தார்கள். பிள்ளைகள் கை வைத்தார்கள். ஆளுக்கொரு சிக்கன் ஃப்ரைட் ரைஸ், ஆளுக்கொரு சோடா, ஒரு தண்ணீர்ப் போத்தல். அந்தத் துண்டை வாங்கி நாங்கள் பார்த்தோம். ஃப்ரைட் ரைஸ் 850 படி நான்கு, 3,400. தட்டில் எடுத்தது ஐந்து, 120 படி 600. சோடா நான்கு, 600. தண்ணீர் 100. மொத்தம் 4,700. அதற்குமேல் சேவைக் கட்டணம் 10 வீதம், 470. ஆக 5,170 ரூபா.

2024 செப்டெம்பரில் சம்பள நிர்ணய சபையூடாக வந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. இந்தக் கணக்கை ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் கொடுத்தோம். வகுத்துப் பார்த்துவிட்டு ஒரு பிள்ளை சொன்னது: "டீச்சர், கிட்டத்தட்ட நாலு பேர்." நாலு பேர் என்றால் நாலு ஆள் இல்லை, செக்ரோலில் விழுகிற நாலு நாள் பேர். மழையில் நனைந்து, அட்டை கடித்து, நிறை காணாது என்று அரைப் பேருக்குச் சண்டை போட்டு வாங்குகிற அந்தப் பேர், ஒரு மணி நேரத்தில் நாலு போய்விட்டது. இரண்டு பிள்ளைகளும் ஃப்ரைட் ரைஸில் பாதியைக்கூட முடிக்கவில்லையாம். மிச்சத்தைக் கட்டித் தரச் சொல்லிக் கேட்கவும் வெட்கமாம்.

யோசித்துப் பாருங்கள். ஒருவர் பயந்து பட்டினி கிடந்தார். இன்னொரு குடும்பம் கேட்காமல் உட்கார்ந்து நாலு நாள் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு வந்தது. பார்க்க இரண்டும் வேறு வேறு மாதிரித் தெரியும். ஆனால் இரண்டு இடத்திலும் நடக்காமல் போனது ஒன்றேதான். யாரும் விலை கேட்கவில்லை. கேட்டால் நம்மைத் தோட்டத்து ஆள் என்று இளக்காரமாகப் பார்ப்பார்கள் என்ற வெட்கம். அந்த வெட்கத்துக்குத்தான் நாம் காசு கட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே இனி என்ன செய்யலாம் என்பதை, வீட்டு வாசலில் தொடங்கி பில் கட்டும் மேசை வரைக்கும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வீட்டிலிருந்து கிளம்பும்போது

கிளினிக் நாள், பாஸ்போர்ட் வேலை, பிரதேச செயலகம், பாங்கு என்று எங்கே போனாலும் அன்றைக்கு நேரம் நம் கையில் இல்லை. ஆகவே முதல் நாள் ராத்திரியே நாலு ரொட்டி சுட்டு, கொஞ்சம் சம்பல் கட்டி வையுங்கள். மலைக்கு வேலைக்குப் போகும்போது கட்டிக்கொண்டு போகிற அதே ரொட்டிதான். மலையில் உட்கார்ந்து சாப்பிட வெட்கமில்லை, ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்து சாப்பிட மட்டும் என்ன வெட்கம்? கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு போத்தல். இந்த இரண்டும் பையில் இருந்தால், கடைக்குப் போவதா இல்லையா என்பதை நாம் முடிவு செய்யலாம். பசி முடிவு செய்யாது. பிள்ளையின் பசி என்றால் இன்னும் அவசரம். அழுகிற பிள்ளையோடு கடைக்குள் போகிறவர் விலை கேட்கமாட்டார்.

கையில் ஒரு தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள். "இன்றைக்குச் சாப்பாட்டுக்கு 800 ரூபா" என்று முடிவு செய்து, அதைப் பணப்பையின் வேறு மடிப்பில் வைத்துவிட்டால், மருந்துக் காசும் பஸ் காசும் அதோடு கலக்காது.

கடை வாசலில்

வாசலிலேயே நின்று கேளுங்கள். "மொதலாளி, மரக்கறிச் சோறு எவ்வளவு? மீனோட எவ்வளவு? கோழியோட எவ்வளவு?" மூன்றையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஏனென்றால் பெரும்பாலான சோற்றுக் கடைகளில் சோறும் மரக்கறிகளும் ஒரு விலை, மீன் துண்டும் கோழித் துண்டும் முட்டையும் அதற்கு மேலே. கேட்காமல் உட்கார்ந்தால், கொண்டுவந்து வைக்கிறவர் எதை வைக்கிறாரோ அதுதான் விலை. சோற்றுக்குப் பருப்பும் மரக்கறியும் இன்னொரு தடவை கேட்டால் அதிகமான கடைகளில் காசு வாங்காமல் போடுவார்கள். அதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேட்டுவிட்டு, கட்டுப்படியாகாது என்றால் "சரி மொதலாளி, பிறகு வர்றோம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்கு நடந்துவிடலாம். புடவைக் கடையில் பத்துச் சேலையை விரித்துப் பார்த்துவிட்டு எடுக்காமல் வருகிற நாம், சோற்றுக் கடையில் மட்டும் ஒரு வார்த்தை கேட்டதற்காகக் கட்டாயம் சாப்பிட வேண்டும் என்று நினைக்கிறோம். அப்படிக் கடமை எதுவும் இல்லை.

பஸ் ஸ்டாண்டை ஒட்டிய கடையையும், அங்கிருந்து ஐந்து நிமிடம் நடந்து போகிற கடையையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். கடைக்காரர் கட்டுகிற வாடகையும் நம் தட்டில்தான் விழுகிறது. அதேபோல் ஏப்ரல் சீசனில் நுவரெலியாவுக்குப் பிள்ளைகளைப் பூப் பார்க்கக் கூட்டிப் போகிறவர்களும், சிவனொளிபாதமலைக்குப் போகிறவர்களும் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டே போங்கள். மலை ஏற ஏற, சாமானைத் தோளில் சுமந்து கொண்டுபோகும் கூலியும் ஒரு கோப்பை தேத்தண்ணியின் விலையில் ஏறும். சுமப்பவரும் தொழிலாளிதான், அவரோடு நமக்குப் பேரம் இல்லை. அடிவாரத்திலேயே சாப்பிட்டுவிட்டு ஏறினால் போதும்.

பேராதனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்படுகிறவர்கள் நம்மில் பலர். அந்தப் பக்கம் கன்னொறுவையில் விவசாயத் திணைக்களத்தின் ஹெல பொஜுன் உணவுச் சாலை இருக்கிறது. கிராமத்துப் பெண்களே சமைத்து விற்கும் இடம். நம் நாட்டு அரிசி, பயறு, குரக்கன் பண்டங்கள் கிடைக்கும். இப்படிப்பட்ட சாலைகள் வேறு மாவட்டங்களிலும் நடக்கின்றன. வழியில் பார்த்தால் எட்டிப் பாருங்கள்.

மேசையில் உட்கார்ந்த பிறகு

அந்தத் தட்டுக்கு வருவோம். நம் நாட்டுக் கடைகளில் அது பழைய வழக்கம். தேத்தண்ணி கேட்டாலே தட்டு வந்துவிடும். எடுத்ததற்கு மட்டும்தான் காசு, எடுக்காததைத் திருப்பிக் கொண்டுபோவார்கள். சும்மா தருகிறார்கள் என்று நினைத்து எடுத்தவர்களும் நம்மில் உண்டு, தட்டில் இருப்பது எல்லாவற்றுக்கும் காசு கட்ட வேண்டும் என்று பயந்து எல்லாவற்றையும் தின்றவர்களும் உண்டு. சிரிக்காதீர்கள், படிக்கிற காலத்தில் நாங்களே அப்படித் தின்றிருக்கிறோம். இனிமேல் உட்காரும்போதே சொல்லிவிடுங்கள்: "தம்பி, தட்டு வேணாம். ரெண்டு வடை மட்டும் தனியாக் கொண்டாங்க." பிள்ளையின் கைக்கு எட்டும் தூரத்தில் தட்டு இருந்தால் பிள்ளையைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தத் தட்டு எத்தனை மேசை சுற்றி வந்தது, எத்தனை கை பட்டது என்பதும் நமக்குத் தெரியாது. சுகாதாரத்துக்கும் தனியாகக் கேட்பதுதான் நல்லது.

ஃப்ரைட் ரைஸ், கொத்து வாங்கும்போது, "ஒரு பிளேட் எத்தனை பேருக்குக் காணும்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒன்று இரண்டு பேருக்குத் தாராளமாகக் காணும். பாதிக் கொத்து கேட்டால் போட்டுத் தருகிற கடைகளும் இருக்கின்றன. ஒன்றை வாங்கி, இன்னொரு தட்டுக் கேட்டுப் பகிர்ந்து சாப்பிடுங்கள். போதாவிட்டால் பிறகு இன்னொன்று சொல்லலாம். முதலிலேயே நாலு சொல்லிவிட்டால் திருப்பிக் கொடுக்க முடியாது. மிஞ்சினால் கட்டித் தரச் சொல்லுங்கள். அது நாம் காசு கொடுத்து வாங்கிய சாப்பாடு.

தண்ணீர்ப் போத்தலை உடைத்து மேசையில் வைத்தால், "நாங்க கேக்கல, எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லலாம். வாங்கத்தான் வேண்டும் என்றால் போத்தலில் உள்ள விலையைப் பாருங்கள். 2025 ஏப்ரல் முதல் போத்தல் தண்ணீருக்கு அரசாங்கம் உச்ச சில்லறை விலை போட்டிருக்கிறது. 500 மில்லி லீற்றர் 70 ரூபா, ஒரு லீற்றர் 100 ரூபா, ஒன்றரை லீற்றர் 130 ரூபா. அதற்குமேல் விற்பது குற்றம்.

இப்போது அந்தக் குடும்பத்தின் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்ப்போம். அதே கடை, அதே மேசை, அதே சிக்கன் ஃப்ரைட் ரைஸ். இரண்டு பிளேட் வாங்கி நாலு பேரும் பகிர்ந்தால் 1,700. நாலு பிளேன்டீ 60 படி 240. தண்ணீர் வீட்டுப் போத்தல். மொத்தம் 1,940. சேவைக் கட்டணம் 194. ஆக 2,134 ரூபா. மிச்சம் 3,036. அதாவது இரண்டேகால் பேர். பிள்ளைகளுக்கு ஆசைப்பட்ட சாப்பாடும் கிடைத்திருக்கும், இரண்டேகால் நாள் உழைப்பும் வீட்டுக்கு வந்திருக்கும். யாரும் பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

பில் வந்ததும்

எழுதிய பில் கேளுங்கள். வாயால் "ரெண்டாயிரத்து நானூறு" என்று சொன்னால் கட்டாதீர்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, வியாபாரி விலையை வாடிக்கையாளர் பார்க்கும்படி காட்சிக்கு வைக்க வேண்டும். வாங்கியவர் கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும். இது முதலாளி நமக்குச் செய்கிற தயவு அல்ல, சட்டம். கொடுக்க மறுத்தாலோ, குறித்த விலைக்கு மேல் எடுத்தாலோ, 1977 என்ற இலக்கத்துக்கு எடுத்து அதிகாரசபைக்கு முறையிடலாம். சாப்பாடு பழுதாக இருந்தால் அந்தப் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லலாம்.

பில்லில் மூன்று இடத்தைப் பாருங்கள். ஒன்று, நாம் கேட்காத சாமான் ஏதும் இருக்கிறதா. இரண்டு, எண்ணிக்கை சரியா. மூன்று, அடியில் சேர்க்கப்படுகிற வீதங்கள். சேவைக் கட்டணம் வழக்கமாக 10 வீதம். பெறுமதி சேர் வரி, அதுதான் வற் என்கிறார்களே, அது 2024 ஜனவரி முதல் 18 வீதம். வற் எல்லாக் கடையும் எடுக்க முடியாது. அதற்குப் பதிவு செய்த வியாபாரம் மட்டும்தான் எடுக்கலாம். பதிவு இலக்கம் பில்லில் இருக்க வேண்டும். இலக்கம் இல்லாத துண்டில் "வற்" என்று எழுதியிருந்தால், "இலக்கம் எங்கே?" என்று கேளுங்கள்.

இரண்டும் சேர்க்கிற கடை என்றால், விலைப்பட்டியலில் 5,000 ரூபாவுக்குச் சாப்பிட்டால் 500 ஒரு பக்கம், 900 இன்னொரு பக்கம் ஏறும். 6,400க்குக் குறையாமல் கட்ட வேண்டி வரும். ஆகவே பட்டியல் விலையைப் பார்த்து மட்டும் கணக்குப் போடாதீர்கள். "இதுக்கு மேல ஏதும் சேருமா?" என்று உட்காரும் முன்பே கேளுங்கள். பார்சல் கட்டிக்கொண்டு போனால் வழக்கமாகச் சேவைக் கட்டணம் சேராது. குடும்பத்தோடு போனால், பார்சல் வாங்கி நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவதும் ஒரு வழி.

பரிமாறுகிற பொடியன்

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். காசு மிச்சம் பிடிப்பது என்று பேசும்போது, பரிமாறுகிற பொடியன்மீது பாய்வது சிலருக்குப் பழக்கம். "தட்டை ஏன் வச்ச? விலை ஏன் கூட?" என்று அவனைத்தான் ஏசுவார்கள். அந்தப் பொடியன் யார்? கொழும்பிலும் கண்டியிலும் கடைகளில் மேசை துடைக்கிறவர்கள் நம் லயத்துப் பிள்ளைகள். பத்தாம் ஆண்டோடு படிப்பை விட்டுவிட்டுப் போன நம் பாடசாலைப் பிள்ளைகள். தீபாவளிக்கு வரும்போது, "எத்தன மணி நேரம் வேல?" என்று கேட்டால் தலையைக் குனிகிறார்கள். தட்டை வைக்கச் சொன்னது முதலாளி. விலை போட்டதும் முதலாளி. ஆகவே விலை கேட்பதை மரியாதையாகக் கேட்போம். தவறு இருந்தால் கல்லாவில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசுவோம். சேவைக் கட்டணம் எடுக்கிற கடையில், "இது உங்களுக்குக் கிடைக்குதா தம்பி?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சேவைக் கட்டணம் எடுக்காத கடையில், நல்லபடியாகக் கவனித்த பிள்ளைக்கு இருபதோ ஐம்பதோ கையில் கொடுங்கள். நாம் மிச்சம் பிடிக்கிறது ஏமாறுகிற காசில்தான். இன்னொரு தொழிலாளியின் கூலியில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

எழுத்துத் தெரியாத வெட்கம்

விலைப்பலகை சிங்களத்தில் அல்லது ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் என்ன செய்வது என்று ஒரு அம்மா கேட்டார். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. தமிழிலும் எழுதுங்கள் என்று கேட்பதற்கு நமக்கு நியாயம் இருக்கிறது. அது வரும்வரை பிள்ளைகளைப் பயன்படுத்துவோம். ஆறாம் ஆண்டிலிருந்து பிள்ளைகள் இரண்டாம் மொழியாகச் சிங்களம் படிக்கிறார்கள், ஆங்கிலமும் படிக்கிறார்கள். நாங்கள் இந்தத் தவணையில் ஒரு பாடமாகவே வைத்தோம். ஒரு கடை விலைப்பட்டியலைப் பலகையில் எழுதி, பிள்ளைகள் ஒருவர் கடைக்காரராகவும் மற்றவர் வாடிக்கையாளராகவும் நின்று விலை கேட்டு, பில் கூட்டி, வீதம் போட்டுச் சரிபார்த்தார்கள். வீதக் கணக்கு வராது என்று அழுதுகொண்டிருந்த ஒரு பொடியன் அன்றைக்கு முதல் ஆளாக விடை சொன்னான். அடுத்த ஞாயிறு அவன் அம்மாவோடு டவுனுக்குப் போய், பில்லில் ஒரு பெற்றிஸ் கூடப் போட்டிருப்பதைக் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறான். கடைக்காரரும் கோபப்படவில்லை, "தவறிட்டது" என்று வெட்டிவிட்டாராம். 120 ரூபாதான். ஆனால் அந்த அம்மா நம்மிடம் வந்து சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்துக் குற்றம்

உங்களுக்கு மட்டும் புத்தி சொல்லிவிட்டுப் போவது சரியில்லை. சங்க வேலையாகத் தொழில் திணைக்களத்துக்கும் பேச்சுவார்த்தைக்கும் போகிற நாங்களும் கடைகளில் சாப்பிடுகிறோம். அந்தக் காசு உங்கள் சந்தா. போன வருடம் ஒரு பேச்சுவார்த்தை முடிந்து ஆறு பேர், பசியில், முதலில் கண்ட கடைக்குள் நுழைந்தோம். விலை கேட்கவில்லை. துண்டும் வாங்கவில்லை. கணக்குப் புத்தகத்தில் "சாப்பாட்டுச் செலவு" என்று ஒரே வரியில் எழுதினோம். பொருளாளர் அக்கா துண்டு எங்கே என்று கேட்டபோது எங்களிடம் பதில் இருக்கவில்லை. அவர் கேட்டது சரி. அன்றிலிருந்து துண்டு இல்லாத சாப்பாட்டுக்குச் சங்கக் காசு கிடையாது என்று முடிவு செய்திருக்கிறோம். துண்டுகள் இனி மாதாமாதம் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். யாரும் வந்து பார்க்கலாம், கேட்கலாம்.

துண்டு என்ற சொல்லை நம் தாத்தாமார் வேறு அர்த்தத்தில் அறிந்திருந்தார்கள். அந்தக் காலத்தில் ஒரு தொழிலாளி ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால், அவர் தலையில் எவ்வளவு கடன் இருக்கிறது என்று எழுதிய ஒரு துண்டு வேண்டும். அந்தக் கடனைக் கட்டுகிற தோட்டம்தான் அவரை எடுக்கும். தோட்டம் மாற மாற, கடன் அவரோடு போகும், கூடவும் செய்யும். அந்தத் துண்டில் என்ன எழுதியிருந்தது என்று வாசிக்க அவருக்குத் தெரியாது. கேட்கவும் முடியாது. 1921 இல்தான் அந்த முறை சட்டப்படி ஒழிந்தது. நூறு வருடத்துக்கு மேலாகிவிட்டது. இன்றைக்கு நம் கையில் வருகிற துண்டை வாசிக்கிற பிள்ளைகள் நம் வீட்டில் இருக்கிறார்கள். கேட்கிற உரிமை சட்டத்தில் இருக்கிறது. பிறகும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வரலாமா?

கிளையின் தீர்மானங்கள்

மாதர் அணி மூன்று விஷயங்களை முன்வைக்கிறது. கையுயர்த்திச் சொல்லுங்கள்.

ஒன்று, விலைக் கொப்பி. டவுனுக்குப் போய்வருகிறவர்கள் சாப்பிட்ட கடையில் சோறு, ரொட்டி, வடை, பிளேன்டீ என்ன விலை என்று சொன்னால், பிள்ளைக் காம்பராவில் வைக்கப்படுகிற கொப்பியில் எழுதப்படும். போகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுப் போகலாம். கடையின் பெயரைக் கெடுப்பதற்கு அல்ல, விலை தெரிந்து போவதற்கு.

இரண்டு, கிளினிக் கூட்டு. ஒரே நாளில் கிளினிக் போகிறவர்கள் முதல் நாளே பேசி, ஒன்றாகப் போங்கள். ஒருவர் வரிசையில் இருக்க மற்றவர் சாப்பிட்டுவிட்டு வரலாம். சோற்றுப் பார்சல் ஒன்றை இரண்டு பேர் பகிரலாம். தனியாக ஒரு பெண் கடைக்குள் போகத் தயங்குவார், மூன்று பேர் சேர்ந்து போனால் தயங்கமாட்டார்கள். மயக்கம் போட்டு விழுகிற நிலை இனி நம் தோட்டத்தில் யாருக்கும் வரக்கூடாது.

மூன்று, சம்பள நாளில் கடன் வைத்துச் சாப்பிடுவதில்லை. கொப்பிக் கடனில் சாப்பிட்ட ரொட்டிக்கு விலை கேட்கிற துணிவு யாருக்கும் வராது. கையில் காசோடு நின்றால்தான் கேட்கலாம்.

(மூன்று தீர்மானங்களும் ஏகமனதாக நிறைவேறின.)

கடைசியாக ஒன்று. கடையில் சாப்பிடவே கூடாது என்று யாரும் புரிந்துகொள்ள வேண்டாம். நம் பிள்ளைகளுக்கும் நல்ல மேசையில் உட்கார்ந்து, விரும்பியதைச் சாப்பிட ஆசை இருக்கிறது. அது நியாயமான ஆசை. நாள் முழுக்க நின்று உழைக்கிற அம்மாவுக்கும் ஒரு நாளாவது இன்னொருவர் பரிமாற உட்கார்ந்து சாப்பிட ஆசை இருக்கும். அவர்கள் போகட்டும். முன் கதவால் போகட்டும். விலையைக் கேட்டு, வேண்டியதைச் சொல்லி, நிதானமாகச் சாப்பிட்டு, துண்டை வாசித்துக் காசைக் கட்டி, மிச்சக் காசை எண்ணி வாங்கிக்கொண்டு வரட்டும்.

தலை சுற்றி விழுந்த அந்த அக்கா இன்று முன்வரிசையில் இருக்கிறார். அவருக்கு வரும் செவ்வாய்க்கிழமை மறுபடியும் கிளினிக். கூடப் போக இரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். நீங்களும் யாராவது போவதாக இருந்தால் கூட்டம் முடிந்ததும் மாதர் அணித் தலைவியிடம் சொல்லுங்கள்.